தக்கன் வீட்டு அழைப்பிதழ்

அன்று வால்தம்ஸ்டோ வீரபத்திரர் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்:

தலைவர் நவரத்தினம், பல் வைத்தியர், வீடு கிங்ஸ்பரி. அன்றைக்கு அவர்தான் தக்கன்.
அவர் மனைவி சிவகௌரி.
செயலாளர் ஷங்கர், குரோய்டனில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம்.
குருக்கள்.
வாசலில் நித்தியானந்தன் அண்ணை, மஞ்சள் ஜாக்கெட்டுடன்.
நவரத்தினத்தின் மகளைக் கட்டப்போகிற பெடியனின் வீட்டார், முன்வரிசை முழுவதும்.
சனம், கதிரைகள் போதாத அளவுக்கு.
விபூதித் தட்டுக்குக் கீழே ஒரு செம்மறி முகமூடி.
கூப்பிடாமல் வந்தவன்: நான், பிரவீணன்.

கடைசி வரியை எழுத வைப்பதற்குத்தான் நான் அந்த வைகாசியும் ஆனியும் முழுக்கப் பாடுபட்டேன். மற்றவர்கள் அழைப்பிதழுக்காக அலைவார்கள். நான் என் அழைப்பிதழைத் திருப்பிக் கொடுக்க அலைந்தேன்.

நெடுவிற்பிட்டி வீரபத்திரர் கோயில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து இருக்கிறது. கோயிலுக்குள் பூசை அந்தணக் குருக்களுடையது. கோயிலுக்கு மேற்கே இருக்கிற மடம் வீரசைவர்களுடையது. வீரசைவர் என்றால் எங்கள் ஆட்கள். கன்னட நாட்டில் லிங்காயத்து என்பார்கள். அங்கிருந்து எப்போதோ வந்தவர்கள் என்று சொல்வார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் லிங்கம் எங்கள் நெஞ்சில் தொங்குகிறது. பிறந்ததும் கட்டுவார்கள், செத்தால் அதை இடக்கையில் வைத்துப் புதைப்பார்கள். சாமி சட்டைக்குள் இருக்கும்போது இன்னொரு வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. ஆகவே நாங்கள் வருடம் முழுக்க அந்தக் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. ஒரு நாள் மட்டும் வைப்போம்.

அது தக்கன் வேள்வி நாள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தக்கன் பெரிய வேள்வி செய்தான். எல்லாத் தேவர்களையும் கூப்பிட்டான், மருமகன் சிவனை மட்டும் கூப்பிடவில்லை. சிவன் வீரபத்திரரை அனுப்பினார். வீரபத்திரர் வந்து வேள்வியைக் குலைத்து, தக்கனின் தலையை வெட்டி எறிந்தார். பிறகு ஆட்டுத்தலை ஒன்றைப் பொருத்தி அவனை எழுப்பினார்கள்.

நெடுவிற்பிட்டியில் இதை நடத்திக் காட்டுவார்கள். கோயில் தர்மகர்த்தா தக்கனாக உட்காருவார். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் வெற்றிலை வைத்து அழைப்பார்கள். மடத்துக்கு மட்டும் வெற்றிலை வராது. மத்தியானம், வேள்வி நடக்கும்போது, மடத்தின் மூத்த ஆண் வாளோடு உள்ளே வருவான். தக்கன் கேட்பார்: "ஆர் உன்னைக் கூப்பிட்டது?" வருகிறவன் சொல்வான்: "ஒருத்தரும் இல்லை. அதுதான் வந்தனான்." கும்பத்தை உதைத்துத் தள்ளுவான். நீற்றுப்பூசணிக்காயைத் தக்கனின் காலடியில் போட்டு உடைப்பான். குருக்கள் ஆட்டுமுகத்தை எடுத்துத் தக்கனுக்கு மாட்டுவார். தக்கன் ஆடு மாதிரி மூன்று தரம் கத்தவேண்டும். வந்தவன் விபூதி வாங்காமல், பிரசாதம் வாங்காமல் திரும்பிப் போவான். யாழ்ப்பாணத்தில் விரோதியைக்கூட "போட்டு வாங்கோ", போய்விட்டுத் திரும்பி வாருங்கள், என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அவனுக்கு மட்டும் அதைச் சொல்லக்கூடாது. தக்கன் தன் கையாலேயே கதவைச் சாத்திப் பூட்டுவார். அடுத்த வருடம் வரை அவ்வளவுதான்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. மடத்தவன் அழைக்கப்படக்கூடாது. ஒருவன் ஒரே ஒரு முறை அழைப்பை ஏற்றுக்கொண்டு போனால் அன்றோடு உரிமை முடிந்தது. பிறகு கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கலாம், மற்ற எல்லோரையும் போல.

லண்டனில் பழைய கம்பளக் கடை ஒன்றை வாங்கி அதே வீரபத்திரரை வைத்தபோது இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அப்பாதான் வருவார். இரும்பு வாள் வீட்டு அலமாரியில் இருக்கும், கையில் மரவாள். வால்தம்ஸ்டோத் தெருவில் வாளோடு நடந்தால் வீரபத்திரர் என்று பொலிஸுக்குத் தெரியாது. அப்பா இந்த மாசியில் போய்விட்டார். எங்கள் ஆட்களை உட்கார வைத்துத்தான் புதைப்பது. கவுன்சில் மயானத்தில் அதற்கு வழியில்லை, படுக்க வைத்துப் புதைத்தோம். அப்பா அதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார். பஸ்ஸில் பின் இருக்கை காலியாக இருந்தால் அங்கேயே படுக்கிற ஆள்.

ஆகவே இந்த வருடம் நான்.

நான் பக்திமான் இல்லை. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவன். குளிர்க்களஞ்சியம் ஒன்றில் இரவு ஷிப்டில் உறைந்த பட்டாணியும் ஐஸ்கிரீமும் ஏற்றி இறக்குகிறேன். அந்த ஷிப்டுக்கும் போனில் செய்தி வந்தால்தான் போகமுடியும். இந்த நாட்டில் எல்லாமே அப்படித்தான். அப்பா குரோய்டனில் குடிவரவு அலுவலகத்து வரிசையில் நின்று, கடிதம் வரும் வரைக்கும் காத்திருந்து, வந்த பிறகுதான் இந்த நாட்டுக்காரர் ஆனார். எங்கள் குடும்பத்தில் யாரும் கூப்பிடாமல் நுழையக்கூடிய வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் விடுவதாக இல்லை.

வைகாசியில் தபாலில் கார்ட் வந்தது. தங்க எழுத்து. "தக்கன் வேள்விப் பெருவிழா. சிறப்பு விருந்தினர்: திரு. பிரவீணன் அவர்கள்." கீழே ஒரு வரி: "பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவார்."

அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் போட்டு ஒட்டினா.

"கழட்டுங்கோ," என்றேன்.

"ஏன் கழட்டவேணும்? மரியாதையா அனுப்பியிருக்கினம். கொப்பருக்கு ஒரு நாளும் இப்பிடிக் கார்ட் வரேல்லை."

"வரக்கூடாது எண்டுதானே வரேல்லை."

"உனக்கு வாற ஒரே கார்டையும் கழட்டச் சொல்லு," என்றா அம்மா. "கலியாணக் கார்டிலை உன்ர பேர் வாறதை நான் பாக்கப்போறதில்லை. இதையெண்டாலும் பாத்திட்டுப் போறன்."

கழற்றி எடுத்துக்கொண்டு முதலில் ஷங்கரிடம் போனேன். சனிக்கிழமை காலை, கோயிலுக்குப் பக்கத்து அலுவலகத்தில் லேப்டாப்போடு இருந்தார். நல்ல மனிதர். கோயிலில் ஒரு பல்ப் போனாலும் குரோய்டனில் இருந்து வந்து மாற்றுவார். கார்டை மேசையில் வைத்தேன்.

"இதைத் திருப்பி எடுங்கோ. என்னைக் கூப்பிடக்கூடாது."

"ஏங்க, பேர்ல ஏதாவது தப்பா?"

விளக்கினேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எனக்குப் புரியுதுங்க பிரவீணன். ஆனா உள்ள வர்றவங்க எல்லாரும் லிஸ்ட்ல இருக்கணும். ஃபயர் சேஃப்டி. பேர் இல்லாம ஒருத்தர் வாளோட உள்ள வந்தா இன்ஷூரன்ஸ்காரன் என்ன சொல்லுவான்?"

"வீரபத்திரர் எண்டு சொல்லுங்கோ."

"அப்படி ஒரு கட்டம் ஃபார்ம்ல இல்லைங்களே," என்று சிரித்தார். "தலைவர்கிட்டப் பேசுங்க. கார்டு அவர் ஐடியாதான். நான் டிசைன் மட்டும் பண்றேன்."

நவரத்தினத்தை அவருடைய கிங்ஸ்பரி வீட்டில் பார்த்தேன். வேலை முடிந்து நேரே போனேன், காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தார். சிவகௌரி அன்ரி கேட்காமலே எனக்கு ஒரு தட்டு வைத்து இடியப்பம் போட்டா. நவரத்தினம் ஊரிலும் இங்கும் மரியாதைக்குப் பேர்போனவர். பல்லைப் பிடுங்கும்போதும் "மன்னிக்கவேணும்" என்று சொல்லித்தான் பிடுங்குவார். அவரிடம் மனம் வெறுத்து வெளியேறியவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

"தம்பி," என்றார், "நான் யோசிச்சுத்தான் செய்தனான். ஒரு வீட்டை மட்டும் கூப்பிடாமல் விடுறது எனக்கு வெட்கமா இருக்கு. ஊரிலை உங்கட ஆக்களை வெளியிலை வைச்சிருந்தவை. உது சாதிப் புத்தி. லண்டனிலையும் அதைக் காவிக்கொண்டு திரியவேணுமோ?"

அவர் மனதார அதைச் சொன்னார். அதுதான் கஷ்டம். பொய்க்காரனோடு சண்டை பிடிப்பது சுகம்.

"எங்களை ஒருத்தரும் வெளியிலை வைக்கேல்லை ஐயா. நாங்கள்தான் உள்ளுக்கு வரேல்லை. வருசத்திலை ஒரு நாள் வந்து உங்கட கும்பத்தை உதைக்கிறனாங்கள். ஒதுக்கி வைச்ச ஆக்கள் செய்யிற வேலையோ உது?"

"உதைக்கிறதும் இந்த முறை வேண்டாம் எண்டு நினைச்சம். புதுத் தரை போட்டிருக்கு. நீர் வாரும், நான் மாலை போடுறன், நீர் எனக்குப் போடும், ஒரு படம் எடுப்பம். சின்னப் பிள்ளையளுக்கும் நல்ல செய்தி. ஒற்றுமை."

"ஆட்டுமுகம்?"

நவரத்தினம் இடியப்பத்தைப் பார்த்தார். "அதுவும் வேண்டாம். சம்பந்தி வீட்டுக்காரர் முதல் முதலா வருகினம்."

சிவகௌரி அன்ரி சொதிச் சட்டியோடு நின்று சிரித்தா. "உண்மை இப்ப வந்திட்டுது."

"நீர் பேசாமல் இரும்," என்றார் அவர், மரியாதையாக.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. அழைப்பை அவர் வாயாலேயே வாபஸ் வாங்க வைக்கவேண்டும். அதற்கு அவருக்குக் கோபம் வரவேண்டும். தொடங்கினேன். நீங்கள் கோயில் நடத்தவில்லை, கலியாண மண்டபம் நடத்துகிறீர்கள் என்றேன். "அப்பிடியும் சொல்லலாம்," என்றார். உங்களுக்கு முன்னால் இருந்த தலைவர் ஒருவர்கூட ஆட்டுமுகத்துக்குப் பயப்படவில்லை, நீங்கள் கோழை என்றேன். "வயசு போனால் பயம் வரும்தானே," என்றார். சனம் வாயைத் திறப்பதெல்லாம் நீங்கள் பல் வைத்தியர் என்பதால்தான், உங்கள் பேச்சைக் கேட்டு இல்லை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, இந்தப் பகிடியைக் கூட்டத்தில் சொல்லப்போவதாகச் சொன்னார். அன்ரி எனக்கு இன்னும் இரண்டு இடியப்பம் போட்டா.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "போட்டு வாரும் தம்பி. நித்திரையில்லாமல் வந்திருக்கிறீர், அதுதான் கோவம். கட்டாயம் வரவேணும் என்ன?"

இன்னுமொரு அழைப்பு. முதல் அழைப்பைத் திருப்பிக் கொடுக்கப் போய் இரண்டாவதோடு திரும்பினேன்.

பிறகும் முயன்றேன். கோயிலின் வட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதினேன். கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. நித்தியானந்தன் அண்ணை போன் எடுத்தார். கோயில் வாசலில் நின்று சனத்தை ஒழுங்குபடுத்துவது அவர்தான். அப்பாவோடு ஒரே காலத்தில் வந்தவர்.

"டேய், அந்த மனிசனைக் கோவப்படுத்த உன்னால ஏலாது. அவருக்கு ஒருத்தன் காசு குடுக்காமல் ஓடினவன். அடுத்த வருசம் பல்லுக் கொதிச்சு வந்த அவனுக்கே தேத்தண்ணி குடுத்தவர்."

"அப்ப என்ன செய்யிறது?"

"பொன்னாடையை வாங்கிக்கொண்டு பேசாமல் போ. குளிருக்குப் போர்த்தலாம்."

கொடியேற்றம் ஒரு வெள்ளிக்கிழமை. தக்கன் வேள்விக்கு முந்திய வாரம். உரிமைக்காரன் கொடியேற்றத்துக்கு வருவதில்லை, ஆனால் நான் ஒரு கடைசி முயற்சியாகக் கோயிலின் பின்மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது கேட்டு அவரைக் குழப்பலாம் என்பது திட்டம். இரவு முழுக்க வேலை. லொறி ஒன்று பிந்தி வந்தது, கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மண்டபத்தில் வெயில், சாம்பிராணி, மின்விசிறி. கதிரையில் இருந்ததும் கண் சொருகிவிட்டது.

நவரத்தினம் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் முறை அவர்களுக்குக் கோயிலைக் காட்டுகிறார். மண்டபம் முழுக்க எழும்பியது. கிழவர்கள் எழும்பினார்கள், கால் ஏலாதவர்கள் கதிரையைப் பிடித்து எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். எழும்பத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. காலை நீட்டியபடி, வாய் கொஞ்சம் திறந்தபடி, அப்படியே இருந்தேன்.

திட்டம் போட்டுச் செய்தது என்று பிறகு சனம் பேசியது. நான் மறுக்கவில்லை. உண்மை அதுவல்ல.

நவரத்தினம் அருகில் வந்தார். சத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தம்பி, ஆக்கள் வந்திருக்கினம்."

"தெரியுது."

"எல்லாரும் எழும்பி நிக்கினம்."

"நிக்கட்டும்."

சம்பந்தியம்மா அருகில் நின்ற மகனிடம் "Who's this?" என்று கேட்டது எனக்கும் கேட்டது, நவரத்தினத்துக்கும் கேட்டது. அவருடைய காது இரண்டும் சிவந்தன. அத்தனை வசவுக்கும் சிரித்த மனிதர் அவர். கோழை என்றபோது சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை.

"ஷங்கர்," என்றார், "இவரின்ர பேரை வெட்டும்."

"சார்?"

"லிஸ்டிலை இருந்து வெட்டும். இவர் இனி இந்தக் கோயில் வாசல்படி மிதிக்கக்கூடாது. நித்தி, கேட்டதோ? நான் சொல்லுறன். மிதிக்கக்கூடாது."

குருக்கள் கொடிமரத்தடியில் தர்ப்பையோடு நின்றார். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தக்கனுக்குச் சிவன்மேல் கோபம் வந்ததே இதில்தான். சபைக்குத் தக்கன் வந்தபோது எல்லோரும் எழும்பினார்கள், சிவன் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார்.

எழும்பி வெளியே போனேன். படியில் குருக்கள் பின்னால் வந்தார், காற்று வாங்க வந்தவர் மாதிரி.

"ஆட்டுமுகத்தை எறியச் சொன்னவை," என்றார் வீதியைப் பார்த்தபடி. "நான் எறியேல்லை." உள்ளே போய்விட்டார்.

ஆகவே இப்போது நான் அழைக்கப்படாதவன். வெட்டப்பட்டவன், தடுக்கப்பட்டவன், நிஜமாகவே. இனி ஒன்றுதான் பாக்கி. உள்ளே போகவேண்டும். அன்று உள்ளே போகாவிட்டாலும் உரிமை போய்விடும், கார்டோடு போனால் போகிற மாதிரியேதான்.

தக்கன் வேள்வியன்று வேலையிலிருந்து வந்து, குளித்து, லிங்கத்தை இடது உள்ளங்கையில் வைத்துப் பூசை செய்து, திரும்பக் கழுத்தில் கட்டினேன். அப்பாவின் சிவப்பு வேட்டியை உடுத்து, மேலே வெள்ளைச் சட்டை போட்டேன். அம்மா மரவாளைத் துடைத்துத் தந்தா. இன்னும் கோபம்.

"கார்ட் இருக்கேக்கை போயிருந்தால் வாசலிலை கும்பம் வைச்சு வரவேற்றிருப்பினம்," என்றா.

"ஓம்."

"இப்பக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவினம்."

"ஓம்."

"கொப்பரையும் ஒரு முறை தள்ளினவை. ஊரிலை. பல்லு ஒண்டு போனது." சொல்லிவிட்டு வாளின் பிடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தா. "சிரிச்சுக்கொண்டுதான் வந்தவர்."

ஹை ஸ்ட்ரீட் வழியாக நடந்தேன். சந்தைக்காரர்கள் பார்த்தார்கள். வாழைப்பழம் விற்கிறவன் "All right, mate?" என்றான். நீற்றுப்பூசணிக்காய் ஒரு கையில், வாள் மறுகையில். கனம் பூசணிக்காய்தான்.

கோயில் வாசலில் நித்தி அண்ணை கதவை முதுகால் மூடியபடி நின்றார். உள்ளே மேளம் கேட்டது.

"போ தம்பி," என்றார்.

"உள்ளுக்கு வாறன்."

"உன்னைக் கூப்பிடேல்லை."

"அது எனக்குத் தெரியும்."

"விளையாடாதை. அவர் சொன்னவர். நான் வாக்குக் குடுத்திட்டன், விடமாட்டன் எண்டு."

அவர் நாடகம் ஆடவில்லை. வாக்குக் கொடுத்தால் நிற்கிற ஆள். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் கண்ணடித்து வழிவிட்டிருந்தால் அதுவும் ஒரு வகை அழைப்புத்தான்.

பூசணிக்காயை இடுப்போடு அணைத்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அவர் தள்ளினார். மனிதர் அறுபதைத் தாண்டியவர், ஆனால் மலை. என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் படியில் தெறித்தன, சட்டை திறந்தது, லிங்கம் இருக்கிற வெள்ளிப் பேழை வெளியே விழுந்து நெஞ்சில் ஆடியது. அவருடைய கை ஒரு கணம் தயங்கியது. கையை எடுக்கவில்லை, தயங்கியது. அந்தக் கணத்தில் தோள் உள்ளே போனது, கதவு சுவரில் அடித்தது, நான் மண்டபத்துக்குள் நின்றேன். பின்னால் அவர் மூச்சு வாங்கினார். "ஐயா, நான் தடுத்தனான்!" என்று கத்தினார். உண்மைதான். தடுத்தார்.

மேளம் நின்றது.

வேள்விக் குண்டத்துக்கு முன்னால் நவரத்தினம் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார், அருகில் சிவகௌரி அன்ரி. குண்டத்துக்குப் பக்கத்தில் ஷங்கர் தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரோடு நின்றார். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில். நான் நடந்தேன். ஒருவரும் அசையவில்லை. சட்டை கிழிந்து, பூசணிக்காயோடு வருகிறவனை யார் மறிப்பார்கள்?

நவரத்தினம் எழும்பினார். முகம் முழுக்கக் கோபம். ஒரு வாரம் ஆறாத கோபம். கையை நீட்டி மண்டபம் அதிரக் கேட்டார்:

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?"

மண்டபத்தில் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அந்த வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். வருடா வருடம் யாராவது ஒரு தலைவர் அதைப் பேப்பரைப் பார்த்து முணுமுணுப்பார். இப்போது அதை ஒரு மனிதர் நிஜமாகக் கேட்டுவிட்டார். அவருக்கும் விளங்கியது. நீட்டிய கை அப்படியே நின்றது, கோபம் முகத்தில் இருக்கத்தக்கதாகவே கண் மாறியது.

"ஒருத்தரும் இல்லை," என்றேன். "அதுதான் வந்தனான்."

கும்பத்தை உதைத்தேன். புதுத் தரையில் தண்ணீர் ஓடி முன்வரிசையின் காலடிக்குப் போனது, சம்பந்தியம்மா சேலையைத் தூக்கினா. பூசணிக்காயைத் தலைக்கு மேல் உயர்த்தி நவரத்தினத்தின் காலடியில் போட்டேன். நன்றாக உடைந்தது. குருக்கள் விபூதித் தட்டைத் தூக்கி, கீழே இருந்ததை எடுத்தார். ஊர் முகமூடி ஊரில் இருக்கிறது. இது யாரோ கடையில் வாங்கியது, பள்ளிக்கூடத்து நத்தாருக்கு இயேசு பிறப்பு நாடகத்தில் பிள்ளைகள் போடுகிற செம்மறி. பஞ்சு ஒட்டியிருந்தது. குருக்கள் மிக மரியாதையாக அதைத் தலைவரிடம் நீட்டினார்.

நவரத்தினம் அதைப் பார்த்தார். சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் மாட்டாமல் விட்டிருக்கலாம். பொலிஸைக் கூப்பிட்டிருக்கலாம், ஷங்கரின் மற்றக் கையில் போன் தயாராக இருந்தது. நான் வாளோடு நின்றேன். என்னால் அதற்கு மேல் எதுவும் செய்யமுடியாது. வீரபத்திரர் வரலாம், தலையை எடுக்கலாம். தக்கன் குனிவது தக்கன் கையில்தான் இருக்கிறது.

"போடுங்கோவன்," என்றா சிவகௌரி அன்ரி தாழ்ந்த குரலில். "சனம் பாத்துக்கொண்டு நிக்குது. தண்ணியிலை என்ர கால் நனையுது."

அவர் குனிந்தார். குருக்கள் முகமூடியை மாட்டி, காதுக்குப் பின்னால் இலாஸ்டிக்கைச் சரிசெய்தார்.

நவரத்தினம் கத்தினார். முதல் கத்தல் தொண்டையில் சிக்கியது. இரண்டாவது மண்டபத்தின் பாதி வரை போனது. மூன்றாவது, நம்பமாட்டீர்கள், அசல் ஆடு. நீண்டு, நடுங்கி, முடிவில் உடைந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளைப் பெடியன் முதலில் சிரித்தான், பிறகு அவனுடைய தாய் சிரித்தா, பிறகு மண்டபம் முழுக்க. கைதட்டினார்கள். அரோகரா என்றார்கள். மேளகாரர் தொடங்கிவிட்டார்.

என் வேலை முடிந்தது. திரும்பி நடந்தேன். விபூதித் தட்டு என் பக்கம் வரவில்லை. ஒருவரும் "சாப்பிட்டுப் போங்கோ" என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து பருப்பு வாசம் வந்தது. எனக்கு நல்ல பசி. சனம் விலகி வழிவிட்டது, பார்வையைத் தாழ்த்திக்கொண்டது.

நித்தி அண்ணை கதவைப் பிடித்திருந்தார். தன் சட்டைப் பையிலிருந்து என் பொத்தான்களை எடுத்து நீட்டப் போனார், பிறகு யோசித்து, திரும்பப் பையிலேயே போட்டார்.

பின்னால் கால் சத்தம். நவரத்தினம் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார். முகமூடியை நெற்றிக்கு உயர்த்தியிருந்தார், பஞ்சுக்காது இரண்டும் மேலே நின்றன. முகம் வியர்வை. ஷங்கர் அவருக்குப் பின்னால் ஓடிவந்தார்.

"சார், ஆளுங்க உள்ள இருக்கறப்ப மெயின் டோர்..." நிறுத்தி யோசித்தார். "சரி, ஃபயர் எக்ஸிட் ரெண்டும் திறந்துதான் இருக்கு. பூட்டுங்க."

நான் படியில் இறங்கினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று விதி இல்லை.

நவரத்தினம் வாசலில் நின்றார். அந்த மனிதர் வாழ்நாளில் யாரையும் சும்மா அனுப்பியவர் இல்லை. வாய் தானாகவே திறந்தது.

"போட்டு..."

நான் காத்திருந்தேன். இந்த ஒரு சொல் முழுதாக வந்தால் போதும். அடுத்த வருடம் நான் விருந்தாளி. அவருக்கும் அது தெரிந்திருந்தது. மீதிச் சொல்லை விழுங்குவது தெரிந்தது. செம்மறிக் காதுகளோடு, நிமிர்ந்து, என்னை நேரே பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவ்வளவு மரியாதையோடு அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு கதவைச் சாத்தினார். உள்ளே சாவி ஒரு முறை திரும்பியது. கைபிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறையும் திருப்பினார்.